வேலை, வீடு, நடுவில் ஒரு கொலை: மர்ம நாவல் எழுதுகிறவர்களுக்குக் கேள்வி பதில்

துப்பறியும் நாவல் எழுதுகிறவர்களும், ஆரம்பித்துப் பாதியில் நிற்கிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். எனக்கு நங்கநல்லூரில் வீடு. பகலில் ஒரு தணிக்கை அலுவலகத்தில் வேலை, மிச்ச நேரத்தில் மர்ம நாவல். கேட்டவர்களும் அநேகமாக என்னைப் போலச் சென்னையில் ஓடிக்கொண்டே எழுதுகிறவர்கள்தான். அதனால் "தினமும் நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்" என்பது போன்ற யோசனை எதுவும் இதில் வராது.

கேள்வி (சோழிங்கநல்லூர், ஐ.டி. ஊழியர்): அக்கா, வேலை முடிந்து வீட்டுக்கு வர ராத்திரி ஒன்பதரை ஆகிறது. எழுத உட்கார்ந்தால் கண் சொருகுகிறது. எப்போதுதான் எழுதுவது?

பதில்: முதலில், எதை எழுத உட்காருகிறீர்கள் என்று பாருங்கள். மர்ம நாவலில் மூன்று விதமான வேலை இருக்கிறது. ஒன்று முடிச்சுப் போடுவது: யார் செய்தார், ஏன் செய்தார், எப்படி மறைத்தார், எந்தத் தடயத்தால் மாட்டுகிறார். இதற்குத் தெளிந்த மூளையும் யாரும் கலைக்காத நேரமும் வேண்டும். இரண்டாவது காட்சி எழுதுவது. முடிச்சு தாளில் தயாராக இருந்தால் அரை மணி நேரத்தில்கூட ஒரு காட்சியை நகர்த்திவிடலாம். மூன்றாவது சரிபார்ப்பது: ரயில் எத்தனை மணிக்கு, அன்று என்ன கிழமை, நிலா இருந்ததா, போன அத்தியாயத்தில் வாட்ச்மேன் பெயர் என்ன. இதைக் களைத்த மூளையும் செய்யும்.

உங்கள் கடிதத்தைப் பார்த்தால், ராத்திரி ஒன்பதரைக்கு மேல் முடிச்சுப் போடப் பார்க்கிறீர்கள் என்று தெரிகிறது. யாராக இருந்தாலும் தூக்கம்தான் வரும். முடிச்சை ஞாயிற்றுக்கிழமை காலைக்கு மாற்றுங்கள். காட்சியை வேலைக்குப் போகும் முன் அரை மணியில் எழுதுங்கள். ராத்திரிக்குச் சரிபார்ப்பை மட்டும் விடுங்கள், அதுவும் முடிந்தால்.

இங்கிலாந்தில் பி.டி. ஜேம்ஸ் என்று ஒரு எழுத்தாளர். நோயாளிக் கணவர், இரண்டு பெண் குழந்தைகள், மருத்துவமனை நிர்வாகத்தில் முழுநேர வேலை. விடிகாலையில் எழுந்து எழுதிவிட்டு வேலைக்குப் போனார். முதல் நாவல் 1962-இல் வெளிவந்தபோது அவருக்கு 42 வயது. உங்களுக்கு இப்போது 29 என்று எழுதியிருக்கிறீர்கள். பதற்றப்பட வேண்டாம்.

கேள்வி (பெருங்களத்தூர், தினமும் பீச் வரை ரயில் பயணம்): போனிலேயே நாவல் எழுத முடியுமா மேடம்?

பதில்: காட்சி எழுத முடியும், அதிலும் உரையாடல் நன்றாக வரும். செல்லினம் மாதிரி ஒரு செயலியில் தமிழ்99 விசைப்பலகை பழகிவிட்டால் வேகம் கூடும். ஏறும்போது உட்கார இடம் கிடைத்தால் எழுதுங்கள். நின்றுகொண்டு போகும் நாளில் போனைப் பையில் வைத்துவிட்டுச் சுற்றிலும் பேசுவதைக் கேளுங்கள். கிண்டியில் ஏறுகிறவர் பேசும் தமிழும் பார்க் ஸ்டேஷனில் இறங்குகிறவர் பேசும் தமிழும் உங்கள் பாத்திரங்களுக்கு வேண்டும். தடயங்களை மாற்றும் வேலையை மட்டும் போனில் செய்யாதீர்கள். சின்னத் திரையில் நாவல் முழுதாகக் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி (அண்ணா நகர், இல்லத்தரசி): இரண்டு பிள்ளைகள், மாமியார், சமையல். பத்து நிமிடம் எழுதினால் யாராவது கூப்பிடுகிறார்கள். திரும்பி வந்தால் எந்தத் தடயத்தை எங்கே வைத்தேன் என்பதே மறந்துவிடுகிறது. குடும்பக் கதை எழுதியபோது இப்படி ஆகவில்லை. மர்மம் எனக்கு ஒத்துவராதோ?

பதில்: ஒத்துவரும். குடும்பக் கதையில் அடுத்து என்ன நடக்கிறது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். மர்மக் கதையில் இரண்டு கதைகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன: உண்மையில் நடந்தது ஒன்று, வாசகருக்குத் தெரிவது ஒன்று. இரண்டையும் தலையில் சுமந்துகொண்டு குக்கரை இறக்கப் போனால் ஒன்று நழுவத்தான் செய்யும். தலையில் இருப்பதை நோட்டுக்கு இறக்கிவிடுங்கள். இந்தப் பதில் முழுவதிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது ஒன்றைத்தான்.

கோடு போட்ட ஒரு நீள நோட்டு வாங்குங்கள். பக்கத்தை நான்காகப் பிரியுங்கள்: மணி, உண்மையில் நடந்தது, வாசகருக்குக் காட்டுவது, எந்த அத்தியாயம். ஒரு உதாரணம் சொல்கிறேன். ஆதம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடி. தரைத்தளத்தில் இருக்கும் பெரியவர் இறந்து கிடக்கிறார். காலை 7.40-க்குத் தண்ணீர் லாரி வந்து சம்ப்பை நிரப்பிவிட்டுப் போகிறது. இரண்டாவது மாடிக்காரர், "மோட்டார் போடத்தான் கீழே இறங்கினேன், டேங்க் நிரம்பியதும் மேலே வந்துவிட்டேன்" என்கிறார். வாசகருக்கு அது சாதாரணமான பேச்சாகத் தோன்றும். ஆனால் உங்கள் நோட்டில் "உண்மையில் நடந்தது" என்ற பத்தியில், 7.15-லிருந்து 8.30 வரை அந்தத் தெருவில் கரன்ட் இல்லை என்று எழுதியிருக்கும். லாரி தன் சொந்த பம்பில் தண்ணீரை இறக்கிவிடும், கட்டடத்து மோட்டார் ஓடாது. கரன்ட் இல்லாததை வாசகருக்கு எங்கே காட்டுவது? நான்காவது அத்தியாயத்தில், இஸ்திரி வண்டிக்காரர் பேச்சோடு பேச்சாக, "நம்மது கரிப்பெட்டி, கரன்ட் போனா என்ன, வந்தா என்ன? அன்னிக்கும் ஏழரைக்கு வேலை ஓடிச்சு" என்கிறார். அவ்வளவுதான். அந்த வரியை எழுதியதும் நோட்டில் "அத். 4" என்று குறித்துவிடுங்கள்.

இப்போது பிள்ளை வந்து கூப்பிட்டால் நிம்மதியாக எழுந்து போகலாம். மாடிக்காரரின் பொய் தாளில் பத்திரமாக இருக்கும். எழுவதற்கு முன் ஒரே ஒரு வேலை: அடுத்து என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை ஒரு வரியில் கிறுக்கிவிடுங்கள். "இவர் சாவியைப் பார்க்கிறார், ஆனால் சொல்லவில்லை" என்கிற அளவு போதும். மறுநாள் அந்த வரியிலிருந்து தொடங்கலாம், முதலிலிருந்து படித்துக்கொண்டு வர வேண்டியதில்லை.

அப்புறம், வீட்டில் "சும்மாதானே எழுதறா" என்று சொல்வதாக எழுதியிருந்தீர்கள். வாதாடி அதை மாற்ற முடியாது. முடித்த அத்தியாயத்தை மாமியாரிடம் படித்துக் காட்டுங்கள். பழைய வார இதழ்த் தொடர்களை வாராவாரம் காத்திருந்து படித்த தலைமுறை அது. யார் கொலைகாரன் என்று அவர் ஊகிக்க ஆரம்பித்தால், நீங்கள் எழுதும் நேரத்தை அவரே காவல் காப்பார்.

கேள்வி (பெரம்பூர், வங்கி ஊழியர்): ஆராய்ச்சியே என் நேரத்தை எல்லாம் தின்றுவிடுகிறது. போலீஸ் நடைமுறை, பிரேதப் பரிசோதனை, சட்டம் என்று படித்துக்கொண்டே இருக்கிறேன். எழுதவில்லை. எங்கே நிறுத்துவது?

பதில்: காட்சி நடக்க எது தேவையோ அது மட்டும் போதும். மற்றதற்கு எழுதும் இடத்திலேயே மூன்று கேள்விக்குறி போட்டுவிட்டு மேலே போங்கள். வாரத்தில் ஒரு நாள் கேள்விக்குறிகளை மட்டும் தேடித் தேடித் தீர்த்துக்கொள்ளலாம். முதலில் சொன்ன மூன்றாவது வகை வேலை இது.

ஆனால் சில விஷயங்களை முதலிலேயே தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அவை முடிச்சையே மாற்றும். கொலை நடந்த தேதியை முடிவு செய்யுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன்னால் என்றால் இந்திய தண்டனைச் சட்டம் 302. அன்றோ அதற்குப் பிறகோ என்றால் பாரதிய நியாய சன்ஹிதா 103. இன்னமும் புதுக் கதைகளில் இன்ஸ்பெக்டர் "302-ல உள்ளே போடுவேன்" என்று மிரட்டுவதைப் பார்க்கிறேன். பேச்சு வழக்கில் அவர் அப்படிச் சொல்லலாம், எஃப்.ஐ.ஆரில் அப்படி இருக்காது. சந்தேக மரணம் என்றால் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194. அதே சட்டத்தின் 105-ஆவது பிரிவு, சோதனை போட்டுப் பொருளைக் கைப்பற்றுவதை வீடியோவாகப் பதிவு செய்யச் சொல்கிறது. இது எழுத்தாளருக்குப் பெரிய வரம். அந்த வீடியோவின் மூலையில் தெரியும் ஒரு பொருளே உங்கள் தடயமாகலாம். கைது செய்தவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 22-ஆவது பிரிவு. மூன்று நாள் ரகசியமாக வைத்து விசாரிக்கும் காட்சியை எழுதினால், அது சட்டமீறல் என்று தெரிந்தே எழுதுங்கள்.

நம் ஊர் வழக்குகளைப் படியுங்கள். 1952-இல் நடந்த ஆளவந்தார் கொலை வழக்கில் உடல் ஒரு டிரங்குப் பெட்டியில், போட் மெயில் ரயிலில், மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. தலை கிடைத்தது ராயபுரம் கடற்கரையில். இரண்டையும் ஒருவருடையது என்று நிறுவ மருத்துவர்கள் எப்படி உழைத்தார்கள் என்பதைப் படித்தால், ஒரு விசாரணை எவ்வளவு பொறுமையாக நகரும் என்பது புரியும். பழைய செய்தித்தாள்களுக்கு எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. 1896-இல் திறந்தது, நாட்டில் வெளியாகும் புத்தகங்கள் வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. மாதம் ஒரு சனிக்கிழமை அங்கே போங்கள். ஐந்து கேள்விகளோடு போய், ஐந்துக்கும் பதில் கிடைத்ததும் கிளம்பிவிடுங்கள்.

கேள்வி (மேற்கு மாம்பலம், கல்லூரி விரிவுரையாளர்): நாவல் தவிர வாராந்திர பாட்காஸ்ட் நடத்துகிறேன், ஒரு மொழிபெயர்ப்பு கையில் இருக்கிறது, நண்பர்களோடு குறும்படமும் எடுக்கிறேன். எல்லாமே பிடிக்கிறது. எதை விடுவது?

பதில்: எதையும் நிரந்தரமாக விட வேண்டாம். ஆனால் இரண்டு விஷயங்களைப் பாருங்கள். எதற்கு வெளியே ஆள் காத்திருக்கிறார்? எது நாவல் கேட்கும் அதே சக்தியைக் கேட்கிறது?

பாட்காஸ்ட்டுக்கு வாராவாரம் ஆள் காத்திருக்கிறார். நாவலுக்கு யாரும் காத்திருக்கவில்லை. அதனால் ஒவ்வொரு வாரமும் பாட்காஸ்ட்தான் ஜெயிக்கும். அதைப் பருவம் பருவமாக மாற்றுங்கள். எட்டு அத்தியாயம் பதிவு செய்து வெளியிட்டுவிட்டு, அடுத்தது எப்போது என்று சொல்லி இடைவெளி விடுங்கள். கேட்பவர்கள் புரிந்துகொள்வார்கள். மொழிபெயர்ப்பு ஆபத்தானது. அது நாவலின் அதே மொழி நரம்பைத்தான் களைப்பாக்கும், கூடவே "இன்று எழுதிவிட்டேன்" என்ற திருப்தியையும் கொடுத்துவிடும். ஒப்புக்கொண்ட வேலை என்றால் முதலில் அதை முடித்துக் கொடுங்கள், நாவலோடு சேர்த்து ஓட்ட வேண்டாம். குறும்படம் இருக்கட்டும். நாலு பேரோடு வெளியே சுற்றும் வேலை அது. தனியாக உட்கார்ந்து எழுதுகிறவருக்கு அது மருந்து. தவிர, யார் எங்கே நின்றால் யாருக்கு என்ன தெரியும் என்பதைக் கேமரா சொல்லித்தரும். மர்ம நாவலுக்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

கேள்வி (அம்பத்தூர், தொழிற்சாலை மேற்பார்வையாளர்): வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா?

பதில்: வேண்டாம். சுஜாதா பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்துகொண்டே எழுதினார். அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் வேலை பார்த்தார். விஷங்களைப் பற்றிய அறிவு அவருக்கு அங்கே கிடைத்தது. ஷிப்ட் மாறும் நேரம், கேட் பாஸ், ஸ்டோர் ரூம் சாவி யாரிடம் இருக்கும், எந்த இயந்திரத்தை எப்படி நிறுத்தலாம் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டை உள்ளேயிருந்து பார்த்த மர்ம நாவலைப் படிக்க எனக்கு ஆசை. அதை எழுதுங்கள்.

கேள்வி (குரோம்பேட்டை): எழுதுவது நான் இல்லை, என் கணவர். சாப்பிடும்போதும் கொலையைப் பற்றித்தான் பேசுகிறார். பேசாத நேரத்தில் எங்கேயோ பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். என்ன செய்வது?

பதில்: உங்கள் வருத்தம் நியாயமானது. முடிச்சு அவிழாதபோது மனசு அங்கேயேதான் கிடக்கும். அதற்காக வீட்டில் இருப்பவர்கள் தனியாகிவிடக் கூடாது. அவரிடம் இதைக் காட்டுங்கள்: சார், சாப்பாட்டுக்கு உட்காரும் முன் சிக்கலை ஒரே ஒரு கேள்வியாக நோட்டில் எழுதிவிட்டு நோட்டை மூடுங்கள். எழுதி வைத்த கேள்வி எங்கேயும் ஓடாது. வாரத்தில் ஒரு நாள், மனைவி சரி என்றால், கதையை அவரிடம் முழுசாகச் சொல்லுங்கள். வாயால் சொல்லும்போது ஓட்டைகள் தானாகத் தெரியும். மற்ற நாள் சாப்பாட்டு நேரம் வீட்டுக்கு உரியது.

கேள்வி (திருவான்மியூர்): அப்பாவின் சிகிச்சைக்காக நீண்ட காலம் நாவலைத் தொடவே முடியவில்லை. இப்போது அப்பா தேறிவிட்டார். பாதி நாவல் இருக்கிறது, அதற்குள் போக பயமாக இருக்கிறது.

பதில்: அப்பா தேறியதில் மிகவும் மகிழ்ச்சி. அந்தக் காலத்தை வீணான காலம் என்று நினைக்காதீர்கள், எழுத்தைவிட முக்கியமான இடத்தில் நீங்கள் இருந்தீர்கள். இப்போது உங்களிடம் அரிய ஒன்று இருக்கிறது: நீங்கள் எழுதியதை நீங்களே மறந்திருக்கிறீர்கள். மர்ம நாவலாசிரியருக்குச் சுலபத்தில் கிடைக்காத வாய்ப்பு அது. அச்செடுத்து, கையில் பேனா இல்லாமல், வாசகராகப் படியுங்கள். ஒவ்வொரு அத்தியாயம் முடிந்ததும் யாரைச் சந்தேகிக்கிறீர்கள் என்று தனித்தாளில் எழுதுங்கள். மூன்றாவது அத்தியாயத்திலேயே கொலைகாரர் தெரிந்துவிட்டால் எங்கே மறைக்க வேண்டும் என்பது புரிந்துவிடும். படித்து முடித்த பிறகு நோட்டை நிரப்புங்கள். புது வரி எழுதுவது அதற்கு அடுத்த வாரம்.

கேள்வி (வில்லிவாக்கம்): பொங்கல் புத்தகக் காட்சிக்குள் முடித்துவிட வேண்டும் என்று இலக்கு வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை, விடுமுறை, பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு. மார்கழியில் பதிப்பகங்கள் மூச்சுவிட நேரமில்லாமல் இருக்கும். அவசரத்தில் அச்சேறும் மர்ம நாவலில் முதலில் அடிபடுவது கடைசி அத்தியாயம்தான். ஜனவரியில் நந்தனம் போய்ப் புத்தகம் வாங்குங்கள், கையெழுத்துப் பிரதியைக் கோடையில் கொடுங்கள்.

கேள்வி (ராயப்பேட்டை): முதல் வடிவம் முடிந்துவிட்டது. யாரிடம் படிக்கக் கொடுப்பது?

பதில்: வாழ்த்துகள்! இரண்டு பேரிடம் கொடுங்கள். ஒருவர் மர்ம நாவல்களைத் தின்று வளர்ந்தவராக இருக்கட்டும், இன்னொருவர் அந்தப் பக்கமே போகாதவராக இருக்கட்டும். "எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள். அத்தியாயம் முடிகிற பக்கத்தில் யார்மேல் சந்தேகம் என்று ஒரு பெயரைப் பென்சிலில் எழுதச் சொல்லுங்கள். முதலாமவர் கண்டுபிடித்தால் பரவாயில்லை. இரண்டாமவர் பாதியிலேயே கண்டுபிடித்தால் வேலை பாக்கி இருக்கிறது. இருவரும் படித்து முடிக்க மூன்று, நான்கு வாரம் ஆகும். அதுவரை பிரதியைத் திறக்காதீர்கள். தள்ளிப்போட்ட பாட்காஸ்ட்டோ குறும்படமோ இருந்தால் இப்போது எடுத்துக்கொள்ளுங்கள்.