மாமியார் தலை தலையில்லையா?

கேள்வி: ஆறு மாத ஆன்லைன் பியூட்டிஷியன் கோர்ஸில் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது. அனுப்பிய வீடியோ எல்லாம் பார்த்துவிட்டேன், த்ரெடிங் கூடக் கைக்கு வரவில்லை. பழகிப் பார்க்க ஆளும் இல்லை. மாமியார் வேறு தலைக்கு டை அடித்துவிடு என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார், வகுப்பு நேரம் என்று சொல்லிச் சமாளிக்கிறேன். பணத்தைக் கட்டி ஏமாந்துவிட்டேனா? வேறு கோர்ஸ் சேரலாமா?
— வாசகி, விருதுநகர்

பதில்: பழக ஆள் இல்லை என்று எழுதிவிட்டு அடுத்த வரியிலேயே மாமியார் டை அடிக்கக் கேட்கிறார் என்கிறீர்கள். அதென்ன, அவர் தலை தலையில்லையா? அதுவும் வகுப்பு நேரமாம். பதிவு செய்த வீடியோவுக்கு ஏதம்மா நேரம்? ராத்திரி பார்த்தால் ஓடியா போய்விடும்? நாளைக்குக் காசு கொடுக்கிற யாரோ ஒருத்திக்குப் பொறுமையாகச் செய்யப் போகிற வேலையை, வீட்டில் வாய்விட்டுக் கேட்கிற பெரிய மனுஷிக்குச் செய்யாமல் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகவே படவில்லை. அது உங்கள் கடமை, பயிற்சி என்பதெல்லாம் அப்புறம்தான்.

அதற்காக இன்றைக்கே டப்பாவைப் பிரிக்காதீர்கள். நிறைய டைகளில் பிபிடி என்ற ரசாயனம் இருக்கிறது, பல வருஷமாக ஒன்றும் ஆகாதவர்களுக்குக்கூட ஒருநாள் திடீரென்று முகம் வீங்கிவிடலாம். காதுக்குப் பின்னால் துளி தடவி 48 மணி நேரம் பார்க்க வேண்டும், அரிப்போ சிவப்போ வந்தால் அந்த டையே வேண்டாம். இதை வீடியோவில் பார்த்திருப்பீர்கள், ஒருவரை உட்காரவைத்துச் செய்தால்தான் பழக்கமாகும்.

த்ரெடிங்கை முதலில் உங்கள் கால் முடியில் பழகுங்கள். நூல் முடியை மட்டும் கவ்வுகிறதா, தோலையும் சேர்த்துக் கிள்ளுகிறதா என்று உங்களுக்கே சுரீரென்று தெரிந்துவிடும். அப்புறம்தான் அடுத்தவர் புருவம், அதுவும் தோலை அவரே விறைப்பாக இழுத்துப் பிடித்திருந்தால் மட்டும்; தளர்ந்த தோலை நூல் வெட்டிவிடும்.

டீச்சர் மேலும் தப்பு இருக்கிறது. கை எப்படிப் போகிறது என்று பார்க்காமல் இந்தத் தொழிலை யாராலும் சொல்லிக்கொடுக்க முடியாது. வாரம் அரை மணி நேரமாவது நேரலையில் வந்து, உங்கள் போன் முகத்தை விட்டுக் கைகளைக் காட்ட, அவர் பார்த்துத் திருத்த வேண்டும். கடைசி மாதம் நாலு நாளாவது ஒரு பார்லரில் நேரில் நின்று பழக ஏற்பாடு செய்ய வேண்டும். பணம் கட்டியிருக்கிறீர்கள், கூச்சப்படாமல் கேளுங்கள். முடியாது என்றால் ஐடிஐயில் காஸ்மெட்டாலஜி ஓராண்டுப் படிப்பு இருக்கிறது, பத்தாவது தேறியிருந்தால் போதும், நேரில் செய்து பழகலாம்.

வெள்ளிக்கிழமை காலையில் காதுக்குப் பின்னால் தடவினால் ஞாயிற்றுக்கிழமை டை அடித்துவிடலாம். இன்றைக்கே மாமியாரிடம் சொல்லிவிடுங்கள், பாவம், எத்தனை தடவைதான் கேட்பார்.