மாடு மிருகமா?

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. 5ஆம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. போன கிழமை கனடாவில் இருக்கும் தம்பி வாட்ஸ்அப்பில் எடுத்து, ‘ஒரு நிமிடத்துக்குள் தெரிந்த மிருகங்களைச் சொல்லுங்கோ’ என்று கேட்டான். எட்டுத்தான் சொன்னார். 15க்குக் குறைந்தால் மறதி நோய் என்று தம்பி ஒரே அழுகை. 2009இல் பக்கத்தில் செல் குண்டு விழுந்ததிலிருந்து அம்மாவுக்கு வலது காது கேட்காது. இரண்டு மாதமாகக் கறிக்கு இரண்டு தரம் உப்புப் போடுகிறார். அறளை பெயர்ந்துவிட்டதா, டொக்டர்?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: தங்கச்சி, நான் டொக்டர் இல்லை. உதவி வைத்தியர், பழைய ஆட்கள் அப்போதிக்கரி என்பார்களே, அதுதான்; இப்போது அதிலும் ஓய்வு. ஆனால் இதே சோதனையில் நானே ஒருமுறை சறுக்கியவன்.

ஒருநாள் ஒரு ஐயாவைக் கூட்டி வந்தார்கள். காடும் வயலுமாய் வாழ்ந்தவர். மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, ‘மிருகங்களின் பெயர் சொல்லுங்கோ’ என்றேன். யானை, கரடி, சிறுத்தை, மரை, பன்றி, நரி, அழுங்கு. அதோடு சரி. கொப்பியில் ஏழு என்று எழுதிவிட்டு முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். வாசலில் வைத்து மகளிடம் கேட்கிறார்: ‘மாடு ஆட்டையும் கேட்டவரோ?’ அவருக்கு மிருகம் என்றால் காட்டில் திரிவது. பட்டியில் நிற்பது மாடு, அது எப்படி மிருகமாகும்? திரும்ப இருத்தி, வளர்ப்பது, பறப்பது, குளத்தில் நீந்துவது எல்லாம் சேரும் என்றேன். 19 வந்தது, விராலும் கெளுத்தியும் உட்பட. இரண்டாம் தரம் என்பதால் கொஞ்சம் கூடும்தான். ஆனாலும் பிழை என் கேள்வியில்.

தம்பி சொன்ன 15 பொய்யில்லை. அதற்குக் குறைந்தால் மேற்கொண்டு பார்க்க வேண்டும் என்று சில ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அது மேலும் பார்க்கச் சொல்லும் எண், நோய்க்குப் பெயர் வைக்கும் எண் இல்லை. பள்ளிக்கூடம் குறைவாகப் போனவர்களுக்கு எண்ணிக்கை இயல்பாகவே குறையும். எழுத்தைச் சொல்லிச் சொல் கேட்கும் சோதனையும் உண்டு. 2005இல் வெளிவந்த மொன்றியல் (MoCA) என்ற நினைவாற்றல் சோதனையில் ஒரே எழுத்தில் தொடங்கும் 11 சொற்களையாவது ஒரு நிமிடத்தில் சொன்னால்தான் புள்ளி. எங்கள் மொழியில் ‘க’ என்று கேட்டால் ‘கா’வும் ‘கி’யும் சேருமா என்றே முதலில் சண்டை வரும். அல்சைமர் என்ற மறதி நோயில் பொதுவாக எழுத்துக்குச் சொல் சொல்வதைவிட முதலில் தளர்வது மிருகம், மரக்கறி என்று வகையாகச் சொல்லும் திறன்தான். சொற்களின் பொருள் சேர்த்து வைத்திருக்கும் பெட்டகமே கரையத் தொடங்குவதால் அப்படி.

எண்ணிக்கையை விட எப்படிச் சொல்கிறார் என்பதைத்தான் நான் பார்ப்பேன். மூளை நன்றாக ஓடினால் ஆடு, மாடு, எருமை என்று ஒரு பட்டியை முடித்துவிட்டுக் காட்டுக்குத் தாவும், பிறகு குளத்துக்கு. தளர்ந்தால் அந்தத் தாவல் வராது. சொன்ன ஆட்டையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள்.

அம்மாவின் எட்டைவிட அந்த உப்புத்தான் என்னை யோசிக்க வைக்கிறது. அல்சைமர் வருடக் கணக்கில் ஊர்ந்து வருவது. இரண்டு மாதத்தில் ஒருவர் மாறினால் தைரோயிட் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, புதிதாகத் தொடங்கிய குளிசை எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். இவற்றில் பலவற்றுக்கு மருந்து உண்டு. மனச்சோர்வை லேசாக எடுக்காதீர்கள். 2009ஐக் கடந்த வீட்டில் அது அழுகையாக வராமல் மறதியாகவும் வரும். ஓரிரு நாளிலேயே திடீரென்று குழம்பினால் கிளினிக் நாளுக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

இந்தக் கிழமையே கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். குடிக்கும் குளிசைகளைச் சரையோடு எடுத்துக்கொள்ளுங்கள், நித்திரைக்கும் சளிக்கும் வாங்கியவையும் சேர்த்து. வீட்டில் தினமும் மணிக்கூட்டோடு இருந்து மிருகம் கேட்க வேண்டாம், அது பாடமாகிவிடும். தம்பி எடுத்தபோது போன் எந்தக் காதில் இருந்தது என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.