ஒன்பதாம் வகுப்பை விட்டால் கிடைக்காது

கேள்வி: கூலி வேலை செய்கிறோம். மகள் கிராமத்து அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். கோடை லீவில் செலவில்லாமல் வெளியூர் போய் ஏதாவது கற்றுவர வழி உண்டா?

பதில்: உண்டும்மா. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக இஸ்ரோ 2019-இல் தொடங்கிய ‘யுவிகா’ என்ற இளம் விஞ்ஞானி பயிற்சிக்கு விண்ணப்பியுங்கள். மே மாதம் ஏறக்குறைய இரண்டு வாரம் ஸ்ரீஹரிகோட்டா, திருவனந்தபுரம் மாதிரி மையங்களில் தங்கி, ஆய்வகங்களைப் பார்த்து, விஞ்ஞானிகளிடமே கேள்வி கேட்டுவிட்டு வரலாம், சாப்பாடு, தங்குமிடம், ரயில் கட்டணம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. எட்டாம் வகுப்பு மார்க்தான் முக்கியம், ஆனால் ஊராட்சிப் பகுதிப் பள்ளி என்றால் தனியாக மதிப்பெண் தருகிறார்கள், உங்கள் மகளுக்கு அது பெரிய பலம். பிப்ரவரி, மார்ச் வாக்கில் இணையத்தில் அறிவிப்பு வரும், மார்க் ஷீட்டை இப்போதே எடுத்து வையுங்கள். அப்புறம், ரயில் டிக்கெட்டைத் தொலைத்துவிடாதீர்கள், அதைக் கொடுத்துத்தான் கட்டணத்தைத் திரும்ப வாங்க வேண்டும்.