லீவு எப்பன்னு சொல்லுங்க, எந்தக் காடுன்னு சொல்றேன்

இந்த வாரம் கம்பம், போடி, லோயர் கேம்ப், குமுளின்னு நம்ம பார்டர் பக்கத்துல இருந்து வந்த கடிதம் எல்லாமே ஆப்பிரிக்கா சஃபாரி பத்திதான். அதனால மத்த கேள்விகளை அடுத்த வாரம் பாத்துக்கலாம்.

அக்கா, நானும் வீட்டுக்காரரும் கம்பத்துல ஸ்கூல் டீச்சர். பிள்ளைங்களுக்கு 12 வயசு, 15 வயசு. மே லீவுல கென்யா மசாய் மாரா போலாம்னு இருக்கோம், லட்சக்கணக்குல வில்டபீஸ்ட், அதான் மாடு மாதிரி இருக்கற மான் வகை, ஆத்தைத் தாண்டுமே அதைப் பாக்கணும்னு பிள்ளைங்களுக்கு ரொம்ப ஆசை. மே மாசம்னா ரேட்டும் கம்மின்னு டிராவல்ஸ்ல சொல்றாங்க. அட்வான்ஸ் கட்டிடலாமா?

கட்டாதீங்க டீச்சர். மே மாசம் ரேட் கம்மியா இருக்கறதுக்குக் காரணமே மழைதான். கென்யாவுல பெரிய மழை மார்ச்ல இருந்து மே வரைக்கும், நமக்கு ஜூன்ல குமுளி மலையில புடிக்குதே அந்தச் சமயத்துல அங்க மழை விட்டுக் காய ஆரம்பிச்சிடும். மாராவுல நிறைய இடம் கரிசல் மண்ணு வேற, மழையில கரிசக்காட்டுக்குள்ள வண்டி எறங்குனா என்ன ஆகும்னு உங்களுக்குச் சொல்லவே வேணாம்.

அதை விடுங்க, நீங்க பாக்க நினைக்கிற கூட்டமே மே மாசம் மாராவுல இருக்காது. 13 லட்சம் வில்டபீஸ்ட்னு சொல்றாங்க, கூடவே லட்சக்கணக்குல வரிக்குதிரை, எல்லாம் மழை பேஞ்சு புல்லு முளைக்கிற எடத்தைத் தேடி வருஷம் பூரா சுத்தி வருதுங்க. ஜனவரி பிப்ரவரியில தான்சானியா பக்கம் செரெங்கெட்டிக்குத் தெற்கே என்டுட்டுங்கிற எடத்துல குட்டி போடும், அப்புறம் மெல்ல மேற்கேயும் வடக்கேயும் நகரும், மாரா ஆத்துக்கு வந்து சேர ஜூலை ஆயிடும், செப்டம்பர் அக்டோபர் வரைக்கும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா தாண்டிக்கிட்டே இருக்கும். மே மாசம் போனா அதுங்க தான்சானியாவுல நடந்துக்கிட்டு இருக்கும், நீங்க கென்யாவுல உக்காந்திருப்பீங்க.

அதனால எனக்குத் தெரிஞ்சு டீச்சர் குடும்பத்துக்கு ரெண்டே வழிதான். ஆத்தைத் தாண்டுறதுதான் முக்கியம்னா செப்டம்பர் கடைசியில வர்ற காலாண்டு லீவு. மே லீவை விட்டா முடியாதுன்னா கென்யாவை விட்டுட்டு தென்னாப்பிரிக்கா க்ரூகர் தேசியப் பூங்கா போங்க, அங்க மழைக்காலம் ஏப்ரலோட முடிஞ்சு மே மாசம் குளிரும் வறட்சியும் ஆரம்பிக்குது, புல்லு காஞ்சு மிருகம் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கிற நேரம். நிறைய பேர் முதல்ல நாட்டை முடிவு பண்ணிட்டு அப்புறம் லீவுக்கு அலையறாங்க, தயவுசெஞ்சு லீவை முதல்ல பாத்துட்டு அதுக்கு ஏத்த நாட்டைத் தேடுங்க.

காசையும் சொல்லிடறேன். 2024ல இருந்து மாராவுல வெளிநாட்டுக்காரங்களுக்கு நுழைவுக் கட்டணம் ஜூலை டு டிசம்பர் ஒரு நாளைக்கு பெரியவங்களுக்கு 200 டாலர், ஜனவரி டு ஜூன் 100 டாலர், உங்க பிள்ளைங்க வயசுக்கு 50 டாலர். அப்ப செப்டம்பர்ல போனா நாலு பேருக்கு கேட்ல மட்டுமே ஒரு நாளைக்கு 500 டாலர், ரூம் வண்டியெல்லாம் தனி. அதுக்காக ஒரு நாளா குறைச்சிடாதீங்க, மூணு ராத்திரியாவது ஒரே எடத்துல இருங்க. வில்டபீஸ்ட் ஆத்தங்கரையில மணிக்கணக்கா நிக்கும், இறங்கற மாதிரி வந்துட்டுத் திரும்பியும் போகும், ஒரே நாள் போறவங்க அதைப் பாக்காமலே வர்றது ரொம்ப சகஜம்.

குமுளியில ஜீப் ஓட்டுறேன் அக்கா. தேக்கடி போட்ல போனா அதிர்ஷ்டம் இருந்தா தூரத்துல கரையில யானை தெரியும், அங்கயும் அப்படித்தான்னா எதுக்கு இவ்வளவு செலவு? இன்னொண்ணு, 2023ல அரிக்கொம்பன் யானை கம்பத்துக்குள்ள வந்தப்ப ஊரே நடுங்குச்சு, அங்க கூரையைத் தெறந்த வண்டியில பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறாங்களே, பயமில்லையா?

தம்பி, நல்ல கேள்வி. நம்ம பெரியாறு அடர்ந்த காடு, பத்தடிக்கு அந்தப் பக்கம் யானை நின்னாலும் மூங்கிலும் மரமும் மறைச்சிடும், அதனாலதான் தண்ணி குடிக்க ஏரிக்கரைக்கு வர்றப்ப மட்டும் பாக்குறோம். செரெங்கெட்டி மாராவெல்லாம் புல்வெளி, கண்ணுக்கெட்டுற தூரம் திறந்து கெடக்கும். பரப்பும் பாருங்க, பெரியாறு புலிகள் காப்பகம் 925 சதுர கிலோமீட்டர், செரெங்கெட்டி தேசியப் பூங்கா மட்டும் 14,763. அதனால சிங்கம், ஒட்டகச்சிவிங்கி, யானைக்கூட்டம் இதெல்லாம் ரெண்டு மூணு நாள்ல பக்கத்துலயே பாத்துடலாம்னு தாராளமா நம்பிப் போலாம், சிறுத்தையும் காண்டாமிருகமும்தான் பொறுமையைக் கேக்கும்.

பயம்னு கேட்டீங்களே. அரிக்கொம்பனைச் சின்னக்கானல்ல புடிச்சு அதுக்குத் தெரியாத காட்டுல விட்டாங்க, அது வழி தேடி ஊருக்குள்ள வந்து சனம் கத்தி வண்டி ஹாரன் அடிச்சு மெரண்டு ஓடுச்சு, பாவம் அது. அங்க பார்க்குக்குள்ள இருக்கிற மிருகங்க பொறந்ததுல இருந்து வண்டியைப் பாத்து வளர்ந்ததுங்க. வண்டியையும் உள்ள இருக்கற ஆளுங்களையும் சேத்து ஒரே உருவமாத்தான் பாக்கும்னு கைடுங்க சொல்வாங்க. அந்த உருவம் கலையக் கூடாது, அதாவது எறங்கக் கூடாது, கையைக் காலை வெளிய நீட்டக் கூடாது, சத்தம் போடக் கூடாது. இதை மட்டும் மீறாதீங்க, பிள்ளைங்களுக்கும் ஊர்லயே சொல்லிப் பழக்கிட்டுக் கூட்டிட்டுப் போங்க.

யானைன்னா உசிருன்னு இருக்கறவங்க கென்யாவுல அம்போசெலி பூங்கா போகணும், கிளிமஞ்சாரோ 5,895 மீட்டர் உசரத்துல பின்னாடி நிக்கும், முன்னாடி சதுப்புல யானைக்கூட்டம். அந்தக் குடும்பங்களை 1972ல இருந்து ஒவ்வொண்ணா அடையாளம் வச்சுக் கவனிச்சிட்டு வர்றாங்க. அங்க பொட்டைக்கும் தந்தம் இருக்கும், நம்ம ஊர்க் கண்ணோட பாத்துட்டு தந்தம் இருக்கறதெல்லாம் கொம்பன்னு நினைச்சிடாதீங்க.

ஜீப் ஓட்டுற உங்களுக்கு இன்னொரு விஷயம், க்ரூகர்ல நாமளே கார் வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். நம்மள மாதிரி இடது பக்கம்தான், தார் ரோட்ல 50, மண் ரோட்ல 40க்கு மேல போகக் கூடாது. ராத்திரி வேலி போட்ட கேம்ப்ல தங்கணும், சாயங்காலம் கேட் மூடறதுக்குள்ள உள்ள வந்துடணும், லேட்டானா ஃபைன். கேட் நேரம் மாசத்துக்கு மாசம் மாறும், அதைக் கேட்டு வச்சுக்குங்க. இண்டர்நேஷனல் பெர்மிட்டை நம்ம ஆர்டிஓ ஆபீஸ்லயே எடுத்துடலாம்.

போடியில ஏலக்காய் வியாபாரம். அம்மாவுக்கு 66 வயசு, சுகர் பிரஷர் உண்டு, கென்யா கூட்டிட்டுப் போக ஆசை. மஞ்சக்காய்ச்சல் ஊசி கட்டாயம்ங்கிறாங்களே?

அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்னு நினைச்சீங்க பாருங்க, அதுக்கே சந்தோஷம். நீங்க சொல்றது யெல்லோ ஃபீவர், நம்ம ஊர் மஞ்சக்காமாலை இல்ல. கென்யா போயிட்டுத் திரும்பறப்ப இந்தியா ஏர்போர்ட்ல அந்த கார்டு கேப்பாங்க, இல்லைன்னா 6 நாள் வரைக்கும் தனியா வச்சிடலாம். பயணத்துக்கு 10 நாள் முன்னாடியாவது போட்டிருக்கணும், ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் செல்லும். சென்னையில கிண்டி கிங் இன்ஸ்டிடியூட், கொச்சியில வில்லிங்டன் ஐலண்ட் போர்ட் ஹெல்த் ஆபீஸ், போடிக்காரங்களுக்குக் கொச்சிதான் பக்கம், முன்னாடியே நாள் கேட்டுட்டுப் போங்க.

ஆனா 60 வயசு தாண்டினவங்களுக்கு இந்த ஊசியில ஆபத்து கொஞ்சம் கூடுதல், உயிருள்ள கிருமியை வலுவிழக்க வச்சுப் போடுற ஊசி அது. அம்மாவைப் பாக்கிற டாக்டர்கிட்ட கேக்காம போட்டுடாதீங்க. என் மனசுல பட்டதைச் சொல்றேன், உங்க அம்மாவுக்கு க்ரூகர்தான் நல்லது. இந்தியாவுல இருந்து துபாய் தோஹா வழியா ஜோகன்னஸ்பர்க் போனா இந்த ஊசி தேவையில்லை, நைரோபி அடிஸ் அபாபா வழியா டிக்கெட் போட்டா அந்தப் பேச்சு மறுபடி வந்துடும், அதனால விலை கம்மின்னு ரூட்டை மாத்திடாதீங்க. விசா முன்கூட்டியே எடுக்கணும். மலேரியா ரெண்டு எடத்துலயும் உண்டு, மாத்திரையை டாக்டர் சொல்ற மாதிரி போறதுக்கு முன்னாடி தொடங்கி ஊருக்கு வந்த பிறகும் முடிக்கணும்.

லோயர் கேம்ப் காலேஜ் மாணவன். ஆறு நாள்ல மாராவும் செரெங்கெட்டியும் ரெண்டையும் பாக்கலாமா? பக்கத்துப் பக்கத்துலதானே இருக்கு?

மேப்ல ஒட்டித்தான் இருக்கு தம்பி. ஆனா மேகமலை யானை தேக்கடிக்குப் போறப்ப செக்போஸ்ட்ல நிக்கறதில்லையே, அதே மாதிரிதான் வில்டபீஸ்டுக்கும், நமக்கு மட்டும் பார்டர் உண்டு. டூரிஸ்ட் அங்க நேரா தாண்ட முடியாது, இசெபானியா செக்போஸ்ட் பக்கமோ நமாங்கா செக்போஸ்ட் பக்கமோ சுத்தித்தான் போகணும், ஒரு நாள் பூரா ரோட்லயே போயிடும். ஈஸ்ட் ஆப்பிரிக்கா விசான்னு ஒண்ணு இருக்கே, அது கென்யா, உகாண்டா, ருவாண்டாவுக்கு மட்டும்தான், தான்சானியா அதுல கெடையாது. ஆறு நாளுக்கு ஒரே நாடு போதும்.

மூட்டையைக் குறைங்க. குட்டி ஃபிளைட்ல மாரா போறதா இருந்தா 15 கிலோதான், அதுவும் மடங்குற துணி பேக். பிளாஸ்டிக் கவர் கென்யாவுல 2017லயே தடை, துணியைக் கேரி பேக்ல சுத்தி வைக்கிற பழக்கத்தை விட்டுடுங்க. மிலிட்டரி டிசைன் சட்டை வேணாம், செட்சி ஈ இருக்கற எடத்துல நீலமும் கறுப்பும் வேணாம், அந்த நெறத்துக்கு அது தேடி வரும். காலையில ஆறு மணிக்குக் கெளம்பறப்ப நல்லாக் குளிரும், ஒரு ஸ்வெட்டர் அவசியம்.

குமுளியில இருந்து ஒரு அம்மா: சைவம் கிடைக்குமா?

கிடைக்கும்மா. நைரோபியில குஜராத்திக் குடும்பங்க தலைமுறை தலைமுறையா இருக்காங்க, சப்பாத்தியை அந்த ஊர்க்காரங்களே சப்பாத்தின்னுதான் சொல்றாங்க. லாட்ஜ்ல புக் பண்றப்பவே சைவம், முட்டையும் வேணாம்னு எழுத்துல சொல்லிடுங்க. க்ரூகர் போனா கேம்ப்ல அடுப்போட ரூம் கேட்டு வாங்கலாம், அரிசி பருப்பு அங்க கடையிலயே வாங்கிக்குங்க, பொடி வகையைச் சீல் போட்ட பாக்கெட்டா எடுத்துட்டுப் போய் கஸ்டம்ஸ் ஃபார்ம்ல எழுதிடுங்க.