ஓர் ஊர்தான் ஒருவரை உருவாக்கியது என்று சொல்லத்தக்க வரலாற்று மனிதர்கள் உண்டா? வேறு ஊரில் வளர்ந்திருந்தால் அவர்கள் அப்படி ஆகியிருப்பார்களா?

உண்டு. ஆனால் இந்தக் கேள்விக்கு வழக்கமாக வரும் பதில்கள் எனக்குச் சலித்துவிட்டன. மலையைப் பார்த்தார், கவிஞர் ஆனார். கடலைப் பார்த்தார், மாலுமி ஆனார் என்கிற ரகம். மலையடிவாரத்தில் எத்தனையோ பேர் பிறக்கிறார்கள். எல்லோருமா கவிதை எழுதுகிறார்கள்? அந்த ஊர் என்ன செய்து பிழைக்கிறது என்று பாருங்கள் என்பதுதான் என் கட்சி. ஊர்த்தொழில்தான் கையில் ஒரு கருவியைக் கொடுக்கிறது, காதில் ஒரு கேள்வியைப் போடுகிறது. மிச்சத்தை அந்த ஆள் பார்த்துக்கொள்கிறார்.

எனக்குப் பிடித்த உதாரணம் மரபியலுக்கு அடிப்படை போட்ட கிரிகோர் மெண்டல். பள்ளிக்கூடத்தில் அவரை எப்படிப் படித்தோம்? ஒரு துறவி, ஒரு தோட்டம், கொஞ்சம் பட்டாணி, மூன்றுக்கு ஒன்று என்ற விகிதம். மடத்தில் பொழுது போகாமல் பட்டாணி எண்ணிக்கொண்டிருந்த சாமியார் என்றுதான் மனதில் பதிகிறது. அந்த மடம் இருந்த ஊரைப் பார்த்தால் கதையே வேறு.

பிர்னோ. இன்று செக் குடியரசில் இருக்கிறது. அன்று ஆஸ்திரியப் பேரரசுக்குள் மொராவியாவின் தலைநகர். கம்பளித் துணி ஆலைகள் நிறைந்த ஊர் என்பதால் ‘மொராவியாவின் மான்செஸ்டர்’ என்று பெயர். ஆலைக்குக் கம்பளி வேண்டும், கம்பளிக்கு நல்ல செம்மறி ஆடு வேண்டும். ஸ்பெயின் நாட்டு மெரினோ கடா ஒன்றை நிறையப் பணம் கொடுத்து வாங்குகிறீர்கள். அதன் மெல்லிய ரோமம் குட்டிக்கு வருமா? வந்தால் எத்தனை தலைமுறைக்கு நிற்கும்? தாயின் பங்கு எவ்வளவு, தகப்பனின் பங்கு எவ்வளவு? இதெல்லாம் அந்த ஊர்ப் பண்ணைக்காரர்களுக்குத் தத்துவ விசாரம் இல்லை, லாப நட்டக் கணக்கு. ஆடு வளர்ப்போர் சங்கமே வைத்து வருடாவருடம் கூடி வாதாடினார்கள். அந்த விவாதங்களின் ஊடே ஃபெஸ்டெடிக்ஸ் என்ற ஹங்கேரியப் பிரபு, தன் மந்தையில் கண்டதை வைத்து ‘இயற்கையின் மரபு விதிகள்’ என்று 1819-லேயே எழுதிவிட்டார். மெண்டல் பிறந்தது 1822-ல்.

மெண்டல் சேர்ந்த புனித தோமா மடத்தின் தலைவர் சிரில் நாப் இந்த ஆட்டுக்காரர்கள் கூட்டத்தில் முக்கியப் புள்ளி. மடத்துக்கு நிலம் உண்டு, மந்தை உண்டு, வருமானம் அதிலிருந்துதான். 1830-களின் பிற்பாதியில் அப்படி ஒரு கூட்டத்தில், நாம் கேட்க வேண்டியது எது பரம்பரையாக வருகிறது, எப்படி வருகிறது என்பதுதான் என்று பேச்சை அந்தப் பக்கம் திருப்பியவர் அவர். ஒரு மடாதிபதியின் வாயிலிருந்து, ஆட்டுச் சந்தை விவாதத்தின் நடுவே, மரபியலின் ஆதாரக் கேள்வி வந்துவிட்டது. அதற்குச் சில வருடங்கள் கழித்து, 1843-ல், படிப்புக்குப் பணமில்லாத ஒரு விவசாயியின் மகனை அவர் மடத்தில் சேர்த்துக்கொண்டார். பையன் ஆசிரியர் தகுதித் தேர்வில் தோற்றான். சரி, இவனுக்கு அடிப்படை போதவில்லை என்று 1851-ல் வியன்னா பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். அங்கே மெண்டலுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் டாப்ளர் விளைவின் டாப்ளர். செடியைப் பார்த்ததும் எண்ணத் தோன்றிய பழக்கம் அங்கிருந்து வந்தது என்று நினைக்கிறேன். தாவரவியலாளர்கள் அன்று வர்ணித்துக்கொண்டிருந்தார்கள், இவர் எண்ணினார். ஒரு சோதனையில் மட்டும் 5,474 உருண்டை விதை, 1,850 சுருங்கிய விதை. வகுத்துப் பாருங்கள், 2.96.

1856 முதல் 1863 வரை, மடத்துச் சுவரோரம் ஒரு குறுகலான தோட்டத்தில் சுமார் 28,000 செடிகள். நாப் கண்ணாடிக்கூடமும் கட்டிக் கொடுத்தார். 1865-ல் அந்த ஊர் இயற்கை அறிவியல் சங்கத்தில் மெண்டல் முடிவுகளைப் படித்தபோது, கேள்வி கேட்ட தலைமுறை கலைந்திருந்தது. ஆஸ்திரேலியக் கம்பளி வந்து மத்திய ஐரோப்பாவின் ஆட்டுத் தொழிலே படுக்கத் தொடங்கியிருந்தது. பதிலை வாங்கிக்கொள்ள 1900 வரை ஆள் இல்லை. மெண்டலோ நாப்புக்குப் பிறகு மடாதிபதி ஆகி, மடத்து வரி விவகாரத்தில் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியே கடைசிக் காலம் கழிந்தது.

அடுத்து, இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள லைம் ரெஜிஸ். பழங்கால உயிர்களின் புதைபடிவங்களைத் தேடி எடுத்துப் பேர் வாங்கிய மேரி ஆனிங் 1799-ல் பிறந்த ஊர். இங்கே பாறையும் சந்தையும் இரண்டும் சேர்ந்து வேலை செய்தன.

முதலில் பாறை. கடலோரச் செங்குத்துச் சரிவு முழுக்கச் சுண்ணாம்புக்கல்லும் களிக்கல்லும் அடுக்கடுக்காக மாறிமாறி வரும். ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்த சேறு. குளிர்கால மழையில் ஊறி இந்தச் சரிவு அப்படியே பெயர்ந்து விழும். விழும்போது உள்ளே இருந்தது வெளியே வரும். வந்ததை அடுத்த அலை கொண்டுபோவதற்குள் எடுத்தாக வேண்டும். அதனால் வேட்டைக்கு ஏற்ற காலம் வெயில் காலம் அல்ல, புயலும் குளிரும் உள்ள மாதங்கள்தான். நீர் இறங்கும் நேரத்தைக் கணக்குப் பண்ணி, சுத்தியலும் கூடையுமாக, எந்த நேரமும் தலையில் சரியக்கூடிய மேட்டின் அடியில் நடக்க வேண்டும். 1833-ல் ஒரு சரிவில் மேரியின் நாய் ட்ரே அவர் கண்ணெதிரே புதைந்து செத்தது. சில அடி தள்ளியிருந்ததால் அவர் தப்பினார்.

அப்புறம் சந்தை. பிரான்சோடு போர் நடந்த காலம் அது. ஐரோப்பாவுக்கு உல்லாசப் பயணம் போக முடியாத பணக்காரர்கள் உள்ளூர்க் கடற்கரைகளுக்கு வந்தார்கள். வந்தவர்களுக்கு நினைவுப் பொருள் வேண்டும். சுருண்ட ஓடுள்ள கடல் உயிரியான அம்மோனைட்டின் படிவத்தைப் ‘பாம்புக்கல்’ என்றும், கணவாய் போன்ற பெலம்னைட்டின் நீண்ட படிவத்தைப் ‘பேய்விரல்’ என்றும் பெயர் சொல்லி ஊர்க்காரர்கள் விற்றார்கள். மேரியின் தந்தை ரிச்சர்ட் மரச்சாமான் செய்பவர். ஓய்வு நேரத்தில் இந்தப் பக்க வியாபாரம். 1810-ல் அவர் கடனை விட்டுவிட்டு இறந்ததும் பக்க வியாபாரமே குடும்பத்துக்குச் சோறு போடும் தொழிலாகிவிட்டது. அறிவியல் ஆர்வம் என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

1811-ல் அண்ணன் ஜோசப் ஒரு பெரிய மண்டையோட்டைக் கண்டார். மறு வருடம் மேரி உடலின் மிச்சத்தைக் கண்டுபிடித்தார். இக்தியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வன. குடும்பத்துக்குக் கிடைத்தது சுமார் 23 பவுண்டு. அதே எலும்புக்கூட்டைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1819-ல் 45 பவுண்டுக்கு மேல் கொடுத்து வாங்கியது. 1823-ல் பிளீசியோசார் என்ற இன்னொரு கடல் ஊர்வன முழுமையாகக் கிடைத்தபோது, பாரிசில் இருந்த விலங்கியல் மேதை கூவியே, இவ்வளவு நீளக் கழுத்தா, இது ஒட்டுப்போட்ட போலி என்று சந்தேகப்பட்டார், பிறகு ஒப்புக்கொண்டார். லண்டன் புவியியல் கழகத்தில் அந்த விலங்கைப் பற்றிப் பேசியவர் கானிபேர் என்ற புவியியலாளர். பேச்சில் கண்டெடுத்தவரின் பெயர் வரவில்லை. பெண் என்பதால் உறுப்பினராக முடியாது என்பது ஒருபுறம், ஏழை, அதிலும் அரசாங்கத் திருச்சபையில் சேராத கிறித்தவக் குடும்பம் என்பது இன்னொருபுறம்.

என்னை அதிகம் இழுப்பது இந்தப் பெரிய எலும்புக்கூடுகள்கூட இல்லை. வருடக்கணக்காகக் கையில் எடுத்துச் சுத்தம் செய்தவருக்குத்தான் தெரியக்கூடிய சின்னச் சின்ன விஷயங்கள். ‘பெசோவார் கல்’ என்று ஊரில் விற்றுக்கொண்டிருந்த உருண்டைகள் இக்தியோசார்களின் வயிற்றுப் பகுதியில்தான் அடிக்கடி கிடக்கின்றன, உடைத்தால் உள்ளே மீன் செதிலும் எலும்பும் இருக்கின்றன என்று கவனித்தார். அது விலங்கின் சாணம் கல்லானது என்பதைப் புவியியலாளர் பக்லண்ட் 1829-ல் எழுதினார். பெலம்னைட்டுக்குள் மைப்பை இருப்பதையும் மேரிதான் கண்டார். அவருடைய தோழி எலிசபெத் ஃபில்பாட் அந்த உலர்ந்த மையைக் கரைத்து, அதைக் கொண்டே இக்தியோசாரை வரைந்தார். கோடிக்கணக்கான வருடப் பழைய மை, இன்னும் எழுதுகிறது!

இந்த இடத்தில் யாரும் கேட்கலாம்: அதே கரையில் அதே கல்லைப் பொறுக்கிய மற்றவர்கள் ஏன் மேரி ஆகவில்லை? நியாயமான கேள்வி. மண்டையோட்டைக் கண்ட ஜோசப்பே நாற்காலிக்கு மெத்தை தைக்கும் தொழிலுக்குப் போய்விட்டார். ஊர் கதவைத் திறந்துவிடும், இழுத்துக்கொண்டு போய் உள்ளே விடாது. ஆனால் ஒன்று. மேரி இங்கிலாந்தின் நடுப்பகுதியில், வயல்கள் மட்டும் உள்ள ஒரு கிராமத்தில் அதே அறிவோடும் அதே வறுமையோடும் பிறந்திருந்தால், அவர் பெயர் தேவாலயப் பதிவேட்டைத் தாண்டியிருக்காது. உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு என் பதில் இதுதான்.

நெதர்லாந்தின் டெல்ஃப்ட் ஊர் லூவன்ஹாக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, பலருக்கும் தெரிந்த கதை. துணி வியாபாரி. நெசவின் இழை நெருக்கத்தைப் பார்க்க உருப்பெருக்கிக் கண்ணாடி அந்தத் தொழிலில் சகஜம். அதையே சின்னதாக, இன்னும் சின்னதாகச் செய்யப் பழகி, 1670-களில் ஏரித் தண்ணீரில் வெறுங்கண்ணுக்குத் தெரியாத உயிர்களைப் பார்த்தார். பலர் விட்டுவிடும் ஒரு விஷயம்: நகராட்சி மன்ற அறையைப் பராமரிக்கும் பதவி ஒன்று அவருக்கு இருந்தது. வேலை குறைவு, சம்பளம் நிச்சயம். லத்தீன் தெரியாத ஒரு கடைக்காரர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஐம்பது ஆண்டு டச்சு மொழியிலேயே கடிதம் எழுதிக்கொண்டிருக்க முடிந்ததில் லென்சுக்கு உள்ள பங்கு இந்தச் சம்பளத்துக்கும் உண்டு.

பசிபிக் கடலில் பயணித்த மாலுமி ஜேம்ஸ் குக் விஷயத்தில் ஊர் அவருடைய கப்பலாகவே வந்து நின்றது. 1746-ல், பதினெட்டு வயதுக்குள், இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் நிலக்கரிக் கப்பல் முதலாளி ஜான் வாக்கரிடம் தொழில் பழகச் சேர்ந்தார். கரிக்கப்பலுக்கு அழகு கிடையாது. முன்பக்கம் மழுங்கல், வேகம் குறைவு, அடிப்பாகம் தட்டை. கரி இறக்கப் பல இடங்களில் துறையே இருக்காது. நீர் இறங்கும்போது மணலில் சாயாமல் உட்கார வேண்டும், அதற்காகத்தான் அந்தத் தட்டை. 1768-ல் கடற்படை அவரைப் பசிபிக்குக்கு அனுப்பியபோது கொடுத்த ‘எண்டெவர்’ விட்பியில் கட்டிய பழைய கரிக்கப்பல். 1770 ஜூன் 11 இரவு ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில் மோதியது. பீரங்கி உட்படப் பல டன் சாமான்களைக் கடலில் எறிந்து மிதக்க வைத்து, ஓர் ஆற்று முகத்துவாரத்தில் கரையேற்றி, ஏழு வாரம் போல் அங்கேயே தங்கி ஓட்டையை அடைத்தார்கள். கூர்மையான அடிப்பாகம் கொண்ட போர்க்கப்பலை அப்படி உட்கார வைத்துப் பழுது பார்ப்பது லேசில்லை. அடுத்த இரண்டு பயணங்களுக்கும் அவர் விட்பிக் கப்பல்களிலேயே போனார். அவர் போய் இறங்கிய கரைகளில் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த மக்களுக்கு அந்தப் பயணங்கள் என்ன கொண்டுவந்தன என்பது தனிக்கதை, நல்ல கதை அல்ல.

கடைசியாக, என் கட்சிக்கு அவ்வளவாக ஒத்துவராத ஒருவர். ராமானுஜன். கும்பகோணத்தின் பட்டும் வெற்றிலையும் பித்தளையும் அவருக்குக் கணிதம் சொல்லிக்கொடுத்தன என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பா ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர் என்பதை வைத்துக் கதை கட்டலாம், நான் கட்டமாட்டேன். அந்த ஊர் அவருக்குக் கொடுத்ததில் முக்கியமானது ஒரு புத்தகம், ஒரு பற்றாக்குறை. கல்லூரி நூலகத்திலிருந்து பதினைந்து வயது வாக்கில் கைக்கு வந்த கார் என்பவரின் கணிதத் தொகுப்பு அந்தப் புத்தகம். கேம்பிரிட்ஜ் தேர்வுக்குத் தயாராகும் மாணவர்களுக்காகத் தொகுத்தது. ஏறக்குறைய 5,000 தேற்றங்கள், வரிசையாக. நிரூபணம் என்று பார்த்தால் பேருக்குத்தான். கணிதம் என்றால் இப்படித்தான் எழுதுவார்கள் போல என்று ஒரு சிறுவன் எடுத்துக்கொண்டால் அவனைக் குறை சொல்ல முடியாது. பற்றாக்குறை, காகிதம். சிலேட்டில் போட்டு, முழங்கையாலேயே அழித்து, விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். துணியைத் தேடி எடுத்து அழிக்கக்கூடப் பொறுமை இல்லை. முழங்கை கறுத்துப் போயிருக்கும் என்று பழகியவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இந்த இரண்டும் சேர்ந்ததன் பலனைக் கணித உலகம் பிறகு அனுபவித்தது. அவருடைய நோட்டுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகள் நிரூபணம் இல்லாமல் கிடந்தன. எங்கிருந்து எங்கே தாவினார் என்பதற்கான வழி சிலேட்டோடு அழிந்துபோனது. புரூஸ் பெர்ன்ட் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நிரூபித்து, 1985 முதல் 1998 வரை ஐந்து தொகுதிகளாக வெளியிட்டார். வழியில் எத்தனையோ பேர் உதவி வேறு. அதிலும் பெரும்பாலானவை சரியாகவே இருந்தன.