சென்னையை ஒட்டி ஓய்வாக இரண்டு நாள்: கிழக்குக் கடற்கரைச் சாலை கேள்வி பதில்

ஈஞ்சம்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரையிலான பகுதியில் வார இறுதியைக் கழிக்க விரும்புவோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் அளிக்கிறேன். விடுதிகளின் பெயர்களைப் பரிந்துரைக்கும் வழக்கம் எனக்கு இல்லை என்பதை முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

கேள்வி (அண்ணா நகர்): நாங்கள் இருவரும் ஏழு வயது மகளும் சனிக்கிழமை காலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்ப எண்ணியுள்ளோம். சோழமண்டலம் ஓவியர் கிராமம், தட்சிணசித்ரா, முட்டுக்காட்டுப் படகுத்துறை, திருவிடந்தை, முதலைப் பண்ணை, புலிக்குகை, மாமல்லபுரம் ஆகிய அனைத்தையும் எந்த வரிசையில் பார்க்கலாம்?

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் வரிசையே வடக்கிலிருந்து தெற்காகச் செல்லும் சாலையின் வரிசை, அதில் குறையில்லை. ஆனால் இத்தனை இடங்களில் வண்டியை நிறுத்தி, சீட்டு வாங்கி, குழந்தையை இறக்கி ஏற்றிக்கொண்டிருந்தால், திங்கட்கிழமை அலுவலகத்தில்தான் உங்களுக்கு ஓய்வு கிடைக்கும். சனிக்கிழமைக்குத் தட்சிணசித்ரா ஒன்று போதும். 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட அந்த வளாகத்தில், தென்மாநிலங்களின் பழைய வீடுகள் பலவற்றைப் பிரித்து எடுத்துவந்து மீண்டும் கட்டியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் முகப்பையும் கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீட்டின் மரச்சுவர்களையும் அவசரமின்றிப் பார்த்து, ஒரு திண்ணையில் உட்கார்ந்து எழுந்தால் அரை நாள் தானாகக் கழிந்துவிடும். மாலையில் மாமல்லபுரம் சென்று தங்குங்கள். ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன்பு கடற்கரைக் கோயிலையும் ஐந்து ரதங்களையும் பார்த்துவிடுங்கள்; இரண்டுக்கும் ஒரே சீட்டுதான். மற்றவற்றை இன்னொரு முறைக்கு விட்டுவைக்கலாம். ஞாயிறு இரவு திரும்புவது என்ற ஏற்பாட்டை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அன்று மாலை சென்னை நோக்கி வரும் வாகனங்கள் கோவளத்திலிருந்து திருவான்மியூர் வரை ஊர்ந்துதான் நகரும். பகல் உணவுக்குப் பின் உடனே புறப்படுங்கள். அல்லது திங்கள் விடியற்காலையில் கிளம்புங்கள்.

கேள்வி (பெரம்பூர்): எங்களிடம் கார் இல்லை. மாமல்லபுரத்திற்கு ரயிலில் செல்ல முடியுமா?

பதில்: மாமல்லபுரத்தில் ரயில் நிலையம் கிடையாது. செங்கல்பட்டில் இறங்கி அங்கிருந்து பேருந்து பிடிக்கலாம். ஆனால் திருவான்மியூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியாகச் செல்லும் பேருந்துதான் எளிது. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள் ஏறிவிட்டால் உட்கார இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு.

கேள்வி (வேளச்சேரி): கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்திருப்பதால் அங்கே துணிந்து நீந்தலாம் அல்லவா?

பதில்: தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் அந்தப் பன்னாட்டுச் சான்றைக் கோவளம் 2021இல் பெற்றது உண்மை. சான்று பெற்ற அந்தக் குறிப்பிட்ட எல்லைக்குள், மீட்பாளர் பணியில் இருக்கும் நேரத்தில் மட்டுமே அதற்குப் பொருள் உண்டு. அதைக் கடற்கரைச் சாலை முழுவதற்குமான உத்தரவாதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கரையில் நடக்கும் உயிரிழப்புகளுக்கு முக்கியக் காரணம் இழுப்பு நீரோட்டம். அலைகள் கரையில் கொண்டுவந்து சேர்க்கும் நீர், அடியிலுள்ள மணல் திட்டுகளுக்கு இடையே பள்ளமான ஒரு வழியைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் விரைந்து திரும்புகிறது. அந்த வழியில் ஆழம் கூடுதலாக இருப்பதால் அலை உடைவதில்லை. மேலிருந்து பார்ப்பவருக்கு அமைதியான இடமாகத் தோன்றுவதும் அதுவே. ஆகவே நீச்சல் தெரியாதவர் அந்த இடத்தையே தேர்ந்தெடுத்து இறங்குகிறார். இருபுறமும் அலை உடைந்து நடுவில் மட்டும் கலங்கிய நீர் நுரையோடு கடல் பக்கமாகச் செல்வதைக் கண்டால் அங்கே காலை வைக்காதீர்கள். சிக்கிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர்ந்து, இழுப்பு விட்டபின் கரை திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாதவர்கள் கைகளை உயர்த்தி உதவி கேட்டபடி மிதக்க முயல வேண்டும். நீச்சல்தான் ஆசை என்றால் குளம் உள்ள விடுதியாகப் பாருங்கள்.

கேள்வி (குரோம்பேட்டை): முழங்கால் அளவு நீரில் நின்றால் போதும். அதற்கும் தடையா?

பதில்: வேளச்சேரி அன்பருக்குச் சொன்னதே உங்களுக்கும். முழங்கால் அளவில் நிற்பவரை ஒரு பெரிய அலை இடுப்பளவுக்குக் கொண்டுபோக ஒரு நொடி போதும்.

கேள்வி (ஆவடி): மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசுப் பாறைக்கு ஒரு முழு மாலையை ஒதுக்கச் சொல்கிறார்கள். படம் எடுக்கப் பத்து நிமிடம் போதாதா?

பதில்: படம் எடுக்கப் போதும், பார்க்கப் போதாது. பாறைமுகம் முழுவதும் செதுக்கிய அந்தச் சிற்பத் தொகுதியில் யானைகளின் பக்கம் சென்று, பெரிய யானையின் தந்தத்திற்கு அருகில் பாருங்கள். அங்கே ஒரு பூனை பின்னங்கால்களில் நின்று, முன்னங்கால்களைத் தலைக்கு மேல் தூக்கித் தவம் செய்கிறது. அதன் விலா எலும்புகள்கூடத் தெரியும். சுற்றிலும் எலிகள் பயமின்றி நிற்கின்றன. மேலே ஒற்றைக்காலில் நின்று கைகளை உயர்த்தித் தவம் புரியும் முனிவரின் அதே நிலையைச் சிற்பி பூனைக்கும் கொடுத்துக் கேலி செய்திருக்கிறார். சற்றுத் தள்ளி, பின்னங்காலால் மூக்கைச் சொறியும் மான் ஒன்று உண்டு. பக்கத்துக் கிருஷ்ண மண்டபத்தில் ஒருவர் பால் கறக்க, பசு தன் கன்றை நக்கிக்கொண்டிருக்கும். பாறை கிழக்கு நோக்கியிருப்பதால் சிற்பங்களின் மீது காலை வெயில் நேராக விழும். நிழலில் நின்று நிதானமாகப் பார்க்க விரும்புவோருக்கு மாலைதான் ஏற்றது.

கேள்வி (மயிலாப்பூர்): நீங்களும் அதை அர்ச்சுனன் தபசு என்றே எழுதுகிறீர்களே. அது பகீரதன் தவம் என்பது உங்களுக்குத் தெரியாதா?

பதில்: ஊரார் வழங்கும் பெயரைக் கொண்டு எழுதினேன். உங்கள் கட்சிக்கு வலுவான சான்று பாறையின் நடுவே உள்ள பிளவு. நாகர்கள் கைகூப்பி மேலேறும் அந்தப் பிளவின் உச்சியில் நீரைத் தேக்கிவைத்து வழியவிட ஏற்பாடு இருந்ததாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மழைக்காலத்தில் நீர் இறங்கியபோது கங்கையே வருவதுபோல் தோன்றியிருக்கும்.

கேள்வி (காஞ்சிபுரம்): மயிலாப்பூர் அன்பருக்கு ஒரு மறுப்பு. கங்கையைத் தாங்குவதென்றால் சிவன் சடையை விரித்திருக்க வேண்டும். இங்கே அவர் வரம் கொடுக்கும் கையோடு நிற்கிறார். சிவனிடம் பாசுபத அம்பைப் பெறத் தவமிருந்த அர்ச்சுனன் கதைக்குத்தான் அது பொருந்தும்.

பதில்: நியாயமான மறுப்பு. ஆனால் வரம் கொடுத்த பிறகுதானே கங்கை இறங்குகிறாள் என்று மயிலாப்பூர் திருப்பிக் கேட்கலாம். அர்ச்சுனன் கதையின் உயிரான, பன்றிக்காக வேடன் உருவில் வந்த சிவனோடு நடக்கும் சண்டை இங்கே இல்லை என்பதையும் நீங்கள் கணக்கில் கொள்ள வேண்டும். இரண்டு கதைகளையும் ஒருசேரப் படிக்கும்படியே பல்லவச் சிற்பிகள் செதுக்கினார்கள் என்ற கருத்தும் உண்டு. நடுப்பிளவையும் நாகர்களையும் விட்டுவிட்டு அந்தப் பாறைக்கு விளக்கம் சொல்ல முடியாது என்பதால் நான் கங்கையின் பக்கமே சாய்கிறேன்.

கேள்வி (மயிலாப்பூர்): அப்படியானால் பெயரையும் மாற்றி எழுதுங்கள்.

பதில்: ஆட்டோ ஓட்டுநரிடம் பகீரதன் தவம் என்று சொல்லிப் பாருங்கள். வழி கேட்க ஊர்ப் பெயரும் வாதாட உங்கள் பெயருமாக வைத்துக்கொள்வோம். இவ்வாதம் தொடர்பாக வந்துள்ள மற்றக் கடிதங்களை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். ஆவடி அன்பர் மட்டும், பத்து நிமிடத்தில் முடியும் பாறையா இது என்று இப்போது சொல்லட்டும்.

கேள்வி (போரூர்): மே மாதம் பள்ளி விடுமுறையில் செல்கிறோம். மாமல்லபுரத்தில் மீன் உணவு எங்கே நன்றாக இருக்கும்?

பதில்: ஒத்தவாடைத் தெருப் பக்கம் மீனைக் கண்ணால் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் உணவகங்கள் உள்ளன. எடை போட்டு, சமைப்பதற்கு முன்பே விலையைப் பேசி முடியுங்கள். இலை போட்ட பிறகு பேரம் பேச முடியாது. ஆனால் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை உண்டு. நாட்டுப்படகு மீன் மட்டும் வருவதால் அப்போது வகையும் குறையும், விலையும் ஏறும். மேலும் மே மாத நண்பகலில் அந்தப் பாறைகளுக்கு நடுவே குழந்தைகளை அழைத்துச் செல்வது சரியன்று. டிசம்பர் பின்பாதியிலிருந்து பிப்ரவரி வரை வாருங்கள்.

கேள்வி (அம்பத்தூர்): திங்கட்கிழமையும் விடுமுறையாக வருகிறது. முதலைப் பண்ணையை அன்று வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை விடுமுறை, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய். பண்ணையை ஞாயிறு காலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேள்வி (மடிப்பாக்கம்): குளிக்க ஏற்ற, கூட்டமில்லாத கடற்கரை ஏதேனும் உண்டா?

பதில்: கூட்டமில்லாத கடற்கரையில் மீட்பாளரும் இல்லை. மேலே எழுதியவற்றைப் படியுங்கள். ஒரே பதிலை மறுபடியும் எழுத எனக்குப் பொறுமை இல்லை.

கேள்வி (பல்லாவரம்): புதுச்சேரியையும் இதே இரண்டு நாட்களில் சேர்க்கலாமா?

பதில்: அண்ணா நகர் அன்பருக்கு எழுதியதைப் பார்க்கவும்.

கேள்வி (அடையாறு): பிள்ளைகளுக்கு இரவில் காட்ட ஏதாவது உண்டா? கைபேசியை வைத்துவிட்டு வர வேண்டும்.

பதில்: சனவரி முதல் மார்ச் வரை என்றால், 1988 முதல் இயங்கிவரும் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையில் நடந்து, பங்குனி ஆமைகளின் முட்டைகளைத் தேடி எடுத்துப் பாதுகாக்கிறது. வார இறுதி நாட்களில் பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். நள்ளிரவுக்கு நெருக்கமாகத் தொடங்கும் நீண்ட மணல் நடை அது. ஆகவே சிறு குழந்தைகளை அன்று பகலில் உறங்கவைத்து அழைத்து வாருங்கள். ஆமைகள் வெளிச்சத்தைக் கண்டால் கரையேறாமல் திரும்பிவிடும் என்பதால் டார்ச் விளக்கை அங்கே அனுமதிப்பதில்லை. கைபேசியும் சட்டைப்பைக்குள்ளேயே கிடக்கும்.