பாறையில் காசு முளைக்குமா?

கேள்வி: சீனாவில் வெறும் பாறையாகிப்போன மலைகளில் காடு வளர்த்து, அதை வைத்தே ஊர்க்காரர்கள் சம்பாதிக்கிறார்களாமே? நம்புகிற மாதிரி இல்லையே?
– வாசகர் ஒருவர், அரூர்

பதில்: என் மேசை டிராயரில் ஒரு பொட்டலம் இருக்கிறது. சீனா போய்வந்த நண்பர் கொடுத்தது. வாய் பிளந்த மிளகு மாதிரி இருக்கும்; ஒன்றைக் கடித்தால் நாக்கு மரத்துப்போகும். சிச்சுவான் மிளகு. பெயரில்தான் மிளகு, கொங்கணத்தில் மீன் குழம்புக்குப் போடும் தெப்பல்தான் இதற்குப் பங்காளி. உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இந்தப் பொட்டலத்துக்குள் இருக்கிறது.

நீங்கள் கேட்பது தென்மேற்குச் சீனாவை: குய்சோ, குவாங்சி, யுன்னான் பகுதிகள். அங்கே நிறையச் சுண்ணாம்புக்கல் மலைகள். மழைநீர் கல்லையே கரைத்துவிடும். கரைந்தபின் மிஞ்சும் மண் சொற்பம். ஒரு சென்டிமீட்டர் மண் சேரப் பல ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். அந்த மண்ணைப் பிடித்துவைத்திருந்த காட்டை வெட்டி மக்காச்சோளம் போட்டார்கள். மண் கல் இடுக்கு வழியே பாதாளத்துக்குப் போய்விட்டது. பெய்கிற மழையும் ஓட்டைப் பானையில் ஊற்றின கதைதான். அங்கே ஒரு வேடிக்கைக் கதை சொல்வார்கள்: விவசாயி ஒருவர் தன் வயல்களை எண்ணினாராம், ஒன்று குறைந்ததாம். கழற்றி வைத்த வைக்கோல் தொப்பியை எடுத்தால், அதற்கடியில் இருந்ததாம் அந்த வயல்!

2005 கணக்கெடுப்பில் இப்படிப் பாறையான நிலம் 1 கோடியே 29 லட்சம் ஹெக்டேர். ஏறக்குறைய நம் தமிழ்நாட்டின் பரப்பு. 2016இல் அது 1 கோடி ஹெக்டேராகக் குறைந்தது.

சரி, காசுக்கு வருவோம். மரம் வளரும்வரை வயிறு காத்திருக்காதே? 1999இல் தொடங்கிய திட்டத்தில், செங்குத்துச் சரிவில் உழுவதை விட்டு மரம் நட்டவர்களுக்கு அரசு தானியமும் பணமும் கொடுத்தது. குய்சோவின் ஹுவாஜியாங் பள்ளத்தாக்கில் கல் இடுக்குகளில் சிச்சுவான் மிளகை நட்டார்கள். வறட்சியையும் சுண்ணாம்பையும் தாங்கும் செடி. மக்காச்சோளத்தைவிட நல்ல காசு. வேறு இடங்களில் மருந்துக்கும் டீக்கும் போகிற ஹனிசக்கிள் பூ, மரத்தடியில் கோழி, தேனீப் பெட்டி.

2018இல் குய்சோவில் இன்னொன்றும் வந்தது. ஏழைக் குடும்பத்தின் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு எண், ஒரு போட்டோ. அது காற்றிலிருந்து இழுக்கும் கரியமில வாயுவுக்கு விலையாக, ஒரு மரத்துக்கு வருடத்துக்கு 3 யுவான், விரும்பி வாங்குகிறவர்களிடமிருந்து. நம் காசில் ஏறக்குறைய நாற்பது ரூபாய்தான். ஆயிரம் மரம் வைத்திருப்பவருக்குப் பரவாயில்லை. பத்து மரக்காரருக்கு டீச் செலவு. இதைக் கேலி செய்யவில்லை. நிற்கிற மரத்துக்கு, வெட்டாமலே, உரியவர் கையில் காசு வந்தது என்பதே பெரிய விஷயம்.

எனக்கு உறுத்துவது வேறு. மிளகுத் தோப்பைக் காடு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஊரே ஒரே செடியை நட்டால் விலை விழும் அன்றைக்கு எல்லோரும் சேர்ந்து விழுவார்கள். அப்புறம், பல மரங்கள் கலந்த நிஜக் காடு தருகிற பெரிய லாபம் தண்ணீர். அது ஊற்றாக இறங்கிக் கீழே இருக்கிற ஊர்களுக்குப் போய்விடுகிறது. குடிக்கிறவருக்கு அதற்கான பில் மேட்டிலிருந்து பெரும்பாலும் வருவதில்லை.